ருசிக்கத் தெரியாத குடி

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றி எழுத வருகிறவனுக்கு இரண்டே நாற்காலிகள்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் உட்கார்ந்தால் அவன் மதுவிலக்குப் பிரசாரகன். மற்றதில் உட்கார்ந்தால் குடிகாரன். ஒரு பானத்தின் ருசி இன்னது, அதன் குணம் இன்னது என்று நிதானமாகச் சொல்ல மூன்றாவதாக ஒரு நாற்காலியைக் கேட்டால், இரண்டு கட்சியாரும் சேர்ந்துகொண்டு அடிக்க வருகிறார்கள். இந்தக் கட்டுரை முடிகிற வரையில் நான் அந்த மூன்றாவது நாற்காலியில்தான் உட்காரப் போகிறேன். அடிக்கிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு அடிக்கட்டும்.

என் கட்சி இதுதான். ருசியைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஒரு சமூகம் தீர்மானித்துவிட்டால், அங்கே குடி ஒழிந்து விடுவதில்லை. ருசிதான் ஒழிந்து போகிறது. மிஞ்சுவது போதை ஒன்றே. அந்த போதையை மட்டும் புட்டியில் அடைத்து விற்பதற்குச் சர்க்காரே கடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வெறும் வாய்ப் பேச்சாக இருக்க வேண்டாம். பேச்சுக்குப் பொருளாக ஒரு பீரையே எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் பாம்பெர்க் என்று ஒரு பழைய ஊர். அங்கே காய்ச்சுகிற ஒரு வகைப் பீருக்கு ‘ரௌக்பியர்’ என்று பெயர். ‘புகைப் பீர்’ என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள். மால்ட்டின் மணமும் விறகுப் புகையின் மணமும் அதில் கலந்திருக்கும்.

மால்ட் என்றவுடன் ஏதோ துரைமார் சமாசாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் கரைத்துக் கொடுக்கிறோமே, அந்தப் புட்டியைத் திறந்த மாத்திரத்தில் குப்பென்று எழும் மணம் மால்ட்டின் மணம்தான். அதைவிட நெருங்கிய சொந்தமும் உண்டு. கேழ்வரகை ஊற வைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை விட்டதும் உலர்த்தி, வறுத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் தாய். பாம்பெர்க்காரன் பார்லியில் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்கிறான். முளைக்கிற போது தானியத்துக்குள் இருக்கும் மாவைச் சர்க்கரையாக்குகிற சக்தி ஒன்று பிறக்கிறது. சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்திவிட்டு, அரைத்து வெந்நீரில் ஊறப் போட்டால் இனிப்பான சாறு இறங்குகிறது. அதில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைச் சேர்த்துப் புளிக்க விட்டால் பீர். தாய் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறாள். அவன் அதற்கு மேலும் இரண்டு படி இறங்குகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

புகை எங்கே வந்தது? உலர்த்துகிற இடத்தில் வந்தது. வெயில் போதாத நாடுகளில் முளைகட்டிய தானியத்தை விறகு மூட்டித்தான் உலர்த்த வேண்டியிருந்தது. ஆகவே, முற்காலத்து ஐரோப்பாவில் பீர் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் புகை நாறுவதாகத்தான் இருந்திருக்கும். யாரும் ரஸித்து வைத்த புகை அல்ல அது. வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த புகை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கல்கரியைக் கொண்டு புகையில்லாமல் உலர்த்தக் கற்றார்கள். பிறகு சுடுகாற்றை மட்டும் உள்ளே விடும் சூளைகள் வந்தன. உலகம் நிம்மதியாகப் புகையைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் மட்டும் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்ஸியல் என்ற இரண்டு மதுசாலைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டன. 1536 முதல் இருந்து வருவது ஷ்பெட்ஸியல். இன்றைக்கும் பீச் மரக் கட்டைகளை எரித்து, அந்தப் புகையிலேதான் தங்கள் மால்ட்டை உலர்த்துகிறார்கள். ஊர் குற்றம் என்று தள்ளியதைக் குணமாக வளர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இந்தப் புகைப் பீரைத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ருசி பார்த்தேன். அவருடைய தங்கை மகன் ஜெர்மனியில் வேலையாக இருக்கிறான். ஊருக்கு வரும்போது, விமானப் பிரயாணிக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள் அரை லிட்டர்ப் புட்டிகள் இரண்டு கொண்டுவந்திருந்தான். மூன்று பேருக்கு இரண்டு புட்டி.

பெட்டியிலிருந்து எடுத்தவுடனே ஊற்ற அவன் விடவில்லை. “கொஞ்சம் பொறுங்கள், மாமா. ரொம்பச் சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப் போய்விடும். ஒன்றும் தெரியாது” என்று அரை மணி நேரம் எங்களைக் காக்க வைத்தான். ஊற்றியபோது நல்ல டிகாக்‌ஷன் நிறம். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் ஒரு செம்மை. நண்பர் மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கையை விலக்கிக்கொண்டார்.

“என்னடா இது? யாகசாலைக்குள்ளே நுழைந்த மாதிரி இருக்கிறது!”

“மூன்றாவது கோப்பையில்தான் பிடிபடும் என்று அந்த ஊரிலே சொல்வார்கள், மாமா.”

“அதெல்லாம் அந்த ஊரோடு இருக்கட்டும்” என்றார் நண்பர். “இங்கே தலைக்கு ஒன்றுகூட இல்லை.”

அப்போதுதான் நண்பரின் மனைவி வறுத்த வேர்க்கடலைத் தட்டோடு மாடிக்கு வந்தார். இந்த விவகாரம் முழுவதுமே அவருக்குச் சம்மதமில்லை என்பது தட்டை வைத்த ஓசையிலேயே தெரிந்தது. ஆனாலும் மூக்கு சும்மா இருக்குமா?

“அடிப்பிடித்த பாயசத்தை நான் வைத்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டுகிறீர்கள். இதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து குடிக்கிறீர்களாக்கும்!” என்றார். இரண்டு அடி போனவர் திரும்பி நின்று, “இல்லை, பாயசம் இல்லை. கருப்பட்டி. ஊரிலே கருப்பட்டி காய்ச்சுகிற இடத்து வாசனை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு சொட்டும் நாக்கில் படாமல் அந்த அம்மாள் சொன்னதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே சரியான விமரிசனம். பனை ஓலையும் மட்டையும் எரிகிற அடுப்பில் பதநீர் கொதித்துப் பாகாகி இறுகுகிறபோது ஒரு புகை வாசனை ஏறுகிறதே, அதேதான். மேல்நாட்டார் இதைப் புகையில் வாட்டிய பன்றி இறைச்சிக்கு ஒப்பிடுவார்கள். அவர்கள் அடுப்பங்கரை அவர்களுக்கு. நம் அடுப்பங்கரை நமக்கு.

முதல் வாய் முழுக்கப் புகை. வேறொன்றையும் உள்ளே விடவில்லை. இரண்டாவது வாயில் புகைக்குப் பின்னாலிருந்து மெல்ல ஓர் இனிப்பு வந்தது. சர்க்கரை இனிப்பு அல்ல. வறுத்த கேழ்வரகை மென்றால் கடைசியில் ஊறுமே, அந்த இனிப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கசப்பு. விழுங்கிய பிறகு நாக்கு உலர்ந்து, புகை மட்டும் தொண்டையில் கொஞ்ச நேரம் நின்றது. பாதிக் கோப்பைக்குப் பிறகு மூக்கு புகைக்குப் பழகிவிட்டது. மால்ட் முன்னால் வந்துவிட்டது. இரண்டு புட்டியை மூன்று பேர் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மதுச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேல். யாருடைய குரலும் உயரவில்லை. யாரும் பழைய பகையைக் கிளப்பவில்லை. இன்னொரு புட்டி இல்லையே என்று யாரும் ஏங்கவுமில்லை. ருசி பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது.

இனி அந்த மாடியிலிருந்து இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வருவோம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று எங்கே வேண்டுமானாலும் சர்க்கார் மதுக்கடையின் கம்பி வலைக்கு முன்னால் நின்று பாருங்கள். அங்கே பீர் வாங்குகிறவன் கேட்கிற கேள்விகள் இரண்டே. ‘ஸ்ட்ராங்கா?’ என்பது ஒன்று. ‘கூலிங் இருக்கா?’ என்பது மற்றொன்று. இந்தியாவில் விற்கிற பீரில் மிகப் பெரும் பகுதி இந்த ‘ஸ்ட்ராங்’ வகைதான். நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை மதுச் சத்து உள்ளவை. அதை நாக்கு மரக்கும்படி குளிர வைப்பதன் நோக்கமே, என்ன ருசி என்று தெரியாமல் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பதுதான். சந்து முனையில் நின்று நாலே மடக்கில் காலி செய்துவிட்டு, வாசனை தெரியாமலிருக்க ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தபடி ஒருவன் வீட்டுக்குப் போகிறானே, அவனிடம் ‘எப்படி ஐயா இருந்தது ருசி?’ என்று கேட்டால், நம்மைப் பைத்தியம் என்பான். அவன் சொல்வது நியாயம். அவன் வாங்கியது ருசியை அல்ல.

இதற்கு எதிர்ப் புறத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பெங்களூரில் 2010 முதல் ‘கிராஃப்ட் பீர்’ காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற சிறு மதுசாலைகள் பெருகிவிட்டன. பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வாரக் கடைசியில் அங்கே போகிறார்கள். இல்லையென்றால் புதுச்சேரிக்குப் போகிறார்கள். போகட்டும், வயசு, சம்பாத்தியம், போகிறார்கள். ஆனால் திரும்பி வரும்போது ‘கேரமல் நோட்ஸ்’, ‘ஸ்மோக்கி ஃபினிஷ்’ என்று ஒரு மூட்டை வார்த்தைகளைச் சுமந்துகொண்டு வந்து மேடவாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் கொட்டுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. அந்த வார்த்தைகள் அவர்கள் நாக்கில் பிறந்தவை அல்ல, அட்டையில் அச்சடித்திருந்தவை. இதே பிள்ளைக்கு வண்டலூர்ப் பக்கத்துச் சாலையோரத்தில் ஒரு கருப்பட்டிக் காபி வாங்கிக் கொடுத்தால், ‘என்ன இது, புகை நாற்றம்!’ என்று கீழே வைத்துவிடுவான். அதே புகை பெங்களூரில் நானூறு ரூபாய்க்குக் கிடைத்தால் ‘ஃபினிஷ்’ ஆகிவிடுகிறது.

சந்து முனையில் நிற்கிறவன் தன் தலையைக் கேட்டுக் குடிக்கிறான். இவன் அச்சடித்த அட்டையைக் கேட்டுக் குடிக்கிறான். நாக்கைக் கேட்கிறவர் இருவரில் ஒருவருமில்லை. நாக்கைக் கேட்டவர் என் நண்பரின் மனைவி ஒருவர்தான். அவரோ குடிக்கவே இல்லை!

நாக்கை நாம் எப்படி இழந்தோம் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக் கடைகளால் வந்த வருமானம் போயிற்று. அதை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் திட்டினார்கள். ஆனால் அந்தச் செய்கையில் ஒரு நேர்மை இருந்தது: மது கூடாது என்றால் அதன் பணமும் கூடாது என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்து நடத்துகிறது. 2023-24-ஆம் ஆண்டில் மது மூலம் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த வியாபாரத்தை மேற்பார்க்கும் இலாகாவின் பெயர் என்ன தெரியுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை! மதுவிலக்கு என்ற பெயர்ப் பலகையின் கீழே உட்கார்ந்து புட்டி விற்கும் இந்த வேடிக்கையைக் கதையில் எழுதினால், மிகைப்படுத்துகிறான் என்று விமரிசகர்கள் என்னைக் கண்டிப்பார்கள்.

மறைத்துக் குடிக்க வேண்டும் என்று வந்துவிட்டால், கடுமையான சரக்குத்தான் ஜெயிக்கும். இது அனுபவம் கண்ட உண்மை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, கள்ளக் கடத்தல்காரன் பீர்ப் பீப்பாயைவிடக் கடும் சாராயத்தையே விரும்பினான். சிறிய புட்டி, பெரிய போதை, ஒளித்து வைக்கச் சௌகரியம். நம்மூரில் கள்ளச் சாராயம் செழித்த கதையும் இதுவே. இன்று கடை திறந்திருக்கிறது. ஆனால் குடிக்கிறவனை நடத்துகிற முறையில் கள்ளக் கடையின் குணம் போகவில்லை. அவசரம், அவமானம், இருட்டு. இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு, அவனிடம் நிதானத்தை எதிர்பார்த்தால் எப்படி?

‘முடிச்சூரில் சித்தாள் வேலை செய்கிற பெண்ணின் கூலியைப் புருஷன் பிடுங்கிக்கொண்டு போகிறான், நீர் மால்ட் மணத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறீரா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு முன்னால் எந்த ருசியும் பெரிதல்ல. மது உடம்புக்கு நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. எந்த அளவு மதுவும் கேடற்றது என்று சொல்வதற்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை மறைத்துக்கொண்டு வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன்: அந்தப் பெண்ணின் புருஷனைக் கெடுத்தது எது? ஒன்றரை மணி நேரம் வைத்துக் குடிக்கும் ஒரு கோப்பைப் பீரா? மடக்கென்று விழுங்குவதற்கென்றே விற்கப்படுகிற குவார்ட்டர் புட்டிதானே? அதற்கும் காசில்லாதபோது என்ன நடந்தது? 2023 மே மாதம் மரக்காணத்திலும், நம் செங்கல்பட்டு ஜில்லாவிலும் விஷச் சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் கலந்த தண்ணீரை ருசிக்காக எவனும் குடிப்பதில்லை. நாக்கு செத்துப்போன இடத்தில்தான் அந்த விஷம் தொண்டைக்குள் இறங்கியது. ருசி என்பது பணக்காரன் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ருசி என்பது உடம்பு நமக்குக் கொடுத்திருக்கிற காவல்காரன். ‘இது போதும்’ என்றும் ‘இது வேண்டாம்’ என்றும் சொல்வது அதன் உத்தியோகம்.

இந்தக் காவல்காரன் நம் நாட்டுக்குப் புதியவனும் அல்லன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டு மது ஒன்று வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி ஆற வைத்து, நெல்முளை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள். எந்தத் தானியம், எத்தனை நாள், எப்படிப் பிழிவது, எதோடு சாப்பிடுவது என்று அத்தனையையும் ஒரு புலவர் நிதானமாகச் சொல்கிறார். தாம்பரம் அந்தத் தொண்டை நாட்டில்தான் இருக்கிறது. இன்று ஜெர்மனியில் ஒருவன் தன் ஊர்ப் பீரைப் பற்றிப் பேசுகிற அதே அக்கறையோடு நம்மவர் அன்றைக்குப் பேசியிருக்கிறார்கள்.

இன்றோ, பெருங்களத்தூர், செம்பாக்கம் பக்கத்து ஏரிக்கரைகளில் மிச்சமிருக்கிற பனைமரம் ஊமையாய் நிற்கிறது. அது தமிழ்நாட்டின் மாநில மரம். அதிலிருந்து பதநீர் இறக்கலாம்; சுண்ணாம்பு தடவாமல் கள்ளாக இறக்கினால் குற்றம். புளித்த கள்ளின் வலிமை ஏறக்குறைய அந்தப் பாம்பெர்க் பீரின் வலிமைதான். ‘ஸ்ட்ராங்’ பீரைவிடக் குறைவு. கேரளத்தில் அது கடையில் கிடைக்கிறது, புதுச்சேரியிலும் கிடைக்கிறது. கலப்படம் செய்வார்கள் என்று இங்கே காரணம் சொல்கிறார்கள். கலப்படத்தைத் தடுக்கச் சர்க்காரால் முடியாது என்றால், நாலாயிரத்துச் சொச்சம் கடைகளை நடத்த மட்டும் எப்படி முடிகிறது?

நான் கேட்பது பெரிய வரம் ஒன்றுமல்ல. விலக்குவதானால் ராஜாஜியைப் போல விலக்கட்டும்; கல்லாப் பெட்டியையும் சேர்த்து மூடிவிட்டு, அந்தப் பணத்தை எந்த வரியிலிருந்து எடுக்கப் போகிறோம் என்பதை ஜனங்களிடம் சொல்லட்டும். அதற்குத் துணிச்சல் இல்லை, விற்கத்தான் போகிறோம் என்றால், மனிதனுக்கு மனிதன் விற்பது போல விற்கட்டும். மதுச் சத்து ஏற ஏற வரியும் ஏறட்டும். பனையேறியும், சிறு அளவில் பீர் காய்ச்சத் தெரிந்தவனும், பரிசோதனைக்கு உட்பட்டு, வலிமை குறைந்ததைச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை, இரண்டு கோப்பை என்று விற்கட்டும். உட்கார நாற்காலி இருக்கட்டும், வெளிச்சம் இருக்கட்டும், பெண்டாட்டி வந்து பார்த்தாலும் ஓடி ஒளியாத இடமாக அது இருக்கட்டும். வேண்டாம் என்கிறவர் வேண்டாம் என்று இருக்கட்டும், அவர்கள்தான் புத்திசாலிகள்.

இதைச் செய்தால் குடி ஒழிந்துவிடுமா என்று கேட்டால், ஒழியாது. ஆனால் தான் குடிப்பது இன்னதென்று அறிந்து குடிக்கிறவனுக்கு, நிறுத்த வேண்டிய இடமும் தெரிய ஒரு வழி உண்டு. இன்று சர்க்கார் நடத்துகிற முறையில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. அடைத்தவர்கள் யார் என்பதும், அடைத்ததற்கு அவர்களுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதும், அவர்களே வெளியிடுகிற கணக்கில் இருக்கிறது.